புற்றுநோய்க்குப் புதிய உயிரணு மருத்துவமும் நம் ஔஷத தானமும்

(ஆர்.கே.பேட்டையில் நடைபெற்ற பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர்க்கு மருத்துவத்தைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் எண்ணலாம். நம் முன்னோரிடமிருந்தே அந்த உரிமையைப் பெற்றுக்கொள்கின்றேன். சமண சமயத்துச் சான்றோராகிய கணிமேதாவியார் தாம் இயற்றிய அறநூலுக்கு 'ஏலாதி' என்று பெயரிட்டார். அஃது ஆறு சரக்குகள் சேர்ந்த ஒரு மருந்தின் பெயர். காரியாசான் தம் நூலுக்குச் 'சிறுபஞ்சமூலம்' என்று பெயரிட்டார். அது ஐந்து வேர்கள் கூடிய மருந்து. அறத்தையும் மருந்தையும் அவர்கள் ஒரே பெயரால் அழைத்தார்கள். ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தை இல்லறத்தார்க்குரிய கடமையாக வைத்ததும் நம் சமயமே. கடமை என்றால் அதைச் சரியாகச் செய்வதற்கு அறிவு வேண்டும். எந்த மருந்து எந்த நோயைத் தீர்க்கும் என்று அறியாமல் கொடுக்கும் பொருள் தானமாகாது, வீணாகும்.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்தமைக்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. எனக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பத்தில் தந்தைக்கு இரைப்பையில் புற்று, கல்லீரலுக்கும் பரவிவிட்டது. அவ்வேளையில் மகனுடைய கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. உடலின் சொந்த அணுக்களை எடுத்து, அவற்றைத் திருத்தி, மீண்டும் உடலில் செலுத்திப் புற்றை அடியோடு அழிக்கும் இந்திய மருத்துவம் வந்துவிட்டது என்பது அச்செய்தி. இருந்த நிலத்தை விற்றுவிடலாமா என்று மகன் என்னிடம் கேட்டார். அவர் காட்டிய செய்தியில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் அது தந்தையின் நோய்க்கு உரிய செய்தி அன்று. இந்த இரண்டுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை விளக்குவதே இன்றைய உரையின் நோக்கம்.

முதலில் இம்மருத்துவம் இன்னதென்று பார்ப்போம். நம் குருதியில் உள்ள வெள்ளணுக்களுள் 'டி அணு' என்பது ஒரு வகை. உடலுக்குள் புகுந்த கிருமிகளையும், கிருமி புகுந்து கெட்டுப்போன அணுக்களையும் தேடிக் கொல்லும் காவலர் இவை. புற்று அணுவோ வெளியிலிருந்து வந்த பகை அன்று. நம் உடலின் அணுவே கட்டுப்பாடு இழந்து பெருகுவது. உடன்பிறந்தே கொல்லும் நோய் ஆதலால் காவலர் பல வேளைகளில் அதனை அடையாளம் காண்பதில்லை.

ஆகவே அறிஞர்கள் அந்தக் காவலர்க்குப் புதிய கண் பொருத்த முற்பட்டனர். இந்த ஊரார்க்கு எளிதில் விளங்கும் உவமை ஒன்று உண்டு. தறியில் ஜக்கார்டு அட்டையை மாற்றினால் என்ன நிகழ்கிறது? தறி அதே தறி. பாவும் ஊடையும் அவையே. ஆனால் விழும் பூவேலை வேறாகிவிடுகிறது. அதுபோல, நோயாளியின் குருதியிலிருந்து டி அணுக்களைப் பிரித்தெடுத்து, தீங்கு செய்ய இயலாதவாறு திருத்தப்பட்ட ஒரு வைரசின் வழியாக அவற்றினுள் புதிய மரபணு ஒன்றைச் சேர்க்கிறார்கள். அந்த மரபணுவின் ஆணைப்படி, அணுவின் மேற்பரப்பில் ஒரு புதிய ஏற்பி முளைக்கிறது. ஏற்பியின் வெளிப்பகுதி புற்றணுவின் மீதுள்ள ஒரு குறிப்பிட்ட அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும். உட்பகுதி 'தாக்கு' என்று அணுவுக்குச் செய்தி அனுப்பும். இவ்வாறு திருத்திய அணுக்களைக் கோடிக்கணக்கில் பெருக்கி, நோயாளிக்குச் சில நாள் முன்னேற்பாடாக மருந்து கொடுத்து, பின்னர் நரம்பு வழியே செலுத்துகிறார்கள். இதற்குக் 'கார்-டி' மருத்துவம் என்று பெயர். அங்காடியில் ஒரே மாதிரியாக அடுக்கி வைக்கும் மருந்தன்று இது. ஒவ்வொரு நோயாளிக்கும் அவர்தம் அணுவைக் கொண்டே தனித்தனியாக நெய்யப்படும் மருந்து. விலை மிகுவதற்கு இதுவே முதற்காரணம்.

இம்மருத்துவத்தின் முதல் வெற்றி குருதிப் புற்றில் கிட்டியது. 2012ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் எமிலி வைட்ஹெட் என்னும் ஆறு வயதுச் சிறுமிக்கு இம்மருத்துவம் செய்யப்பட்டது. வேறு எம்மருந்துக்கும் கட்டுப்படாதிருந்த அவளுடைய நோய் நீங்கியது. அவர் இன்று வளர்ந்த பெண். 2017 ஆகஸ்டில் அந்நாட்டு அரசு இவ்வகை மருந்து ஒன்றுக்கு முதன்முதலாக ஒப்புதல் அளித்தது. அறிமுகமானபோது அதன் விலை 4,75,000 டாலர். நம் பணத்தில் ஏறக்குறைய நான்கு கோடி ரூபாய்.

இந்த விலையைக் கண்டு நம் நாட்டு அறிஞர்கள் தளர்ந்துவிடவில்லை. மும்பை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ராகுல் புர்வார் ஆய்வுக்கூடத்திலேயே இந்த ஏற்பியை வடிவமைத்தார். முதலில் வந்த அயல்நாட்டு மருந்துகள் பலவற்றில் ஏற்பியின் கண்பகுதி எலியின் புரதத்திலிருந்து பெறப்பட்டது. அதனை மனிதப் புரதத்தை ஒத்ததாக இவர்கள் மாற்றினார்கள். டாட்டா நினைவு மருத்துவமனையின் மருத்துவர்கள் ஹஸ்முக் ஜெயின், கௌரவ் நருலா முதலியோர் நோயாளிகளிடத்தில் ஆய்வை நடத்தினார்கள். 2021 ஜூனில் அம்மருத்துவமனையைச் சார்ந்த நிலையத்தில் முதல் நோயாளிக்கு இது செலுத்தப்பட்டது. 2023 அக்டோபரில் நடுவண் மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் வழங்க, 2024 ஏப்ரல் 4ஆம் நாள் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதனை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 'நெக்ஸ்கார்19' என்பது அதன் பெயர். விலை ஏறக்குறைய 40 இலட்சம் ரூபாய். அயல்நாட்டு விலையில் பத்தில் ஒரு பங்கு. ஆய்வில் பயன் மதிப்பிடப்பட்ட நோயாளிகளுள் நூற்றுக்கு 73 பேர்க்கு நோய் குறைந்தது அல்லது மறைந்தது. பெருமைப்பட வேண்டிய செய்திதான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இம்மருந்து பி அணு லிம்போமா, பி அணு லுக்கீமியா என்னும் குருதிப் புற்றுகளுக்கு, அதுவும் முன்செய்த மருத்துவம் பயன்படாமற் போனவர்களுக்கு மட்டுமே ஒப்புதல் பெற்றது. இரைப்பை, மார்பகம், கருப்பைவாய், நுரையீரல், வாய், குடல் ஆகிய உறுப்புகளில் தோன்றுவனவற்றைத் திடக்கட்டிகள் என்பர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களுள் பத்தில் ஒன்பது பங்கு இவையே. 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானோர் 14 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என்பது உலகளாவிய கணிப்பு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு இந்த மருந்து பொருந்தாது.

குருதியில் வென்ற காவலர் கட்டியில் ஏன் தடுமாறுகிறார்கள்? இதை விளங்கிக்கொண்டால், கைப்பேசிச் செய்திகளை எடைபோடும் ஆற்றல் நமக்கு வந்துவிடும்.

முதல் தடை அடையாளம். நெக்ஸ்கார்19 தேடிச் செல்லும் அடையாளத்துக்கு 'சி.டி.19' என்று பெயர். அது புற்றான பி அணுவிலும் உண்டு. நலமான பி அணுவிலும் உண்டு. ஆகவே காவலர் இரண்டையும் அழித்துவிடுவர். ஆயினும் பி அணுக்கள் இன்றியும் மனிதர் உயிர் வாழலாம்; அவை தரவேண்டிய எதிர்ப்புப் புரதங்களை ஊசி வழியே ஈடுசெய்யலாம். நுரையீரலோ கல்லீரலோ அழிந்தால் எதைக்கொண்டு ஈடு செய்வது? திடக்கட்டியின் மீதுள்ள அடையாளங்கள் பெரும்பாலும் நலமான உறுப்புகளிலும் சிறிதளவு இருக்கின்றன. இதன் கொடுமையை 2010இல் வெளிவந்த ஓர் அறிக்கை உலகுக்கு உணர்த்தியது. அமெரிக்காவில் பெருங்குடற் புற்று பரவிய ஒரு பெண்மணிக்கு ஆயிரம் கோடி அணுக்கள் செலுத்தப்பட்டன. கால் மணி நேரத்திற்குள் அவருக்கு மூச்சுத் திணறியது. ஐந்தாம் நாள் உயிர் பிரிந்தது. அவருடைய நுரையீரல் அணுக்களில் இருந்த சிற்றளவு அடையாளத்தைத் திருத்திய அணுக்கள் பற்றிக்கொண்டன என்பதே ஆய்வாளர் கண்ட காரணம்.

இரண்டாம் தடை நுழைவு. குருதிப் புற்றணுக்கள் குருதியிலும் எலும்பு மச்சையிலும் நிணநீர்க் கணுக்களிலும் இருப்பவை. காவலர் இயல்பாகவே சென்றுவரும் தெருக்கள் அவை. திடக்கட்டியோ நார்த்தசையால் மதில் எழுப்பிக்கொண்ட கோட்டை. உள்ளே செல்லும் குருதிக்குழாய்களும் கோணல்மாணலானவை. செலுத்திய அணுக்களுள் சிறு பங்கே உள்ளே போய்ச் சேர்கிறது.

மூன்றாம் தடை உள்ளிருக்கும் சூழல். கோட்டைக்குள் புகுந்த அணுக்களுக்கு அங்கே உயிர்வளி குறைவு, உணவு குறைவு, அமிலத்தன்மை மிகுதி. போதாமைக்கு, கட்டியானது காவலரை அடக்கும் வேதிப்பொருள்களைச் சுரக்கிறது. நம் உடலிலேயே 'ஒழுங்குபடுத்தும் டி அணு' என்று ஒரு வகை உண்டு. காவலர் எல்லை மீறி நம் உறுப்புகளையே தாக்காதபடி அடக்கி வைப்பது அதன் பணி. அதனைக் கண்டறிந்து விளக்கிய மேரி பிரன்கோவ், பிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகிய மூவர்க்கு 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த நல்ல அணுவையே கட்டி தன்னைச் சுற்றி நிறுத்திக்கொள்கிறது. அடங்கு, அடங்கு என்னும் ஆணையையே கேட்டுக் கேட்டு, தாக்கச் சென்ற அணுக்கள் நாளடைவில் சோர்ந்துவிடுகின்றன.

நான்காம் தடை வேற்றுமை. ஒரே கட்டியிலுள்ள அணுக்கள் அனைத்தும் ஒரே அடையாளத்தைத் தாங்கியிருப்பதில்லை. அடையாளம் உள்ளவை அழிய, இல்லாதவை எஞ்சி மீண்டும் வளர்கின்றன.

இத்தனை தடைகளுக்கு இடையிலும் அறிஞர்கள் முயற்சியைக் கைவிடவில்லை. நம்பிக்கை தரும் செய்திகளையும் உள்ளவாறே சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்னும் நரம்பணுக் கட்டியில் 'ஜி.டி.2' என்னும் அடையாளம் மிகுதி. உரோமாபுரியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 27 பேர்க்கு இம்மருத்துவம் செய்தனர். 17 பேர்க்குப் பயன் கிட்டியது. அவர்களுள் 9 பேர்க்கு நோய் முழுதும் மறைந்தது. இது 2023இல் வெளிவந்த செய்தி. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் இதே நோய்க்கு, இதே முறையில், மிகப் பழைய வடிவ அணுக்களைப் பெற்ற ஒரு சிறுமி 18 ஆண்டுகளுக்கும் மேலாக நோயின்றி வாழ்ந்து, இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகவும் ஆனார் என்று 2025இல் அறிவித்தார்கள். ஆனால் அவருடன் அந்த ஆய்வில் இடம்பெற்ற 19 பேருள் பலர் அந்நோயாலேயே இறந்துபோயினர் என்பதும் அதே அறிக்கையில் உள்ளது.

2024 ஆகஸ்டில் சைனோவியல் சார்கோமா என்னும் அரிய மென்திசுப் புற்றுக்கு, டி அணுவைத் திருத்திச் செய்யும் மருந்து ஒன்று அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது கார்-டிக்கு உடன்பிறப்பு போன்ற வேறொரு முறை. திடக்கட்டிக்கு ஒப்புதல் பெற்ற முதல் திருத்திய டி அணு மருந்து இதுவே. ஆய்வில் 44 பேருள் நூற்றுக்கு 43 விழுக்காட்டினர்க்குக் கட்டி சுருங்கிற்று.

இனி, அந்த மகன் கேட்ட இரைப்பைப் புற்றுக்கு வருவோம். சீன நாட்டில் 'கிளாடின் 18.2' என்னும் அடையாளத்தைக் குறிவைத்துக் கார்-டி செய்தார்கள். முன்செய்த மருத்துவம் பயனளிக்காத 156 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இதனையும் மற்றொரு பிரிவுக்கு வழக்கமான மருந்தையும் அளித்தனர். திடக்கட்டிக்குக் கார்-டியை இவ்வாறு நேருக்கு நேர் ஒப்பிட்ட முதல் ஆய்வு இது. 2025இல் முடிவு வந்தது. நோய் முற்றாமல் நின்ற காலத்தின் இடைநிலை அளவு வழக்கமான மருந்தில் 1.77 மாதம், கார்-டியில் 3.25 மாதம். உயிர் வாழ்ந்த காலம் முன்னதில் 5.49 மாதம், பின்னதில் 7.92 மாதம். அறிவியலார்க்கு இது பெரிய திறப்பு. கதவு திறக்கும் என்று தெரிந்துவிட்டது. நோயாளியின் குடும்பத்தார்க்கோ இது சராசரியாக இரண்டரை மாதம். இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது அநேகாந்தம் பயின்ற நமக்கு அழகன்று. அந்த மகனிடம் இந்த எண்களைத்தான் சொன்னேன். அவர் நிலத்தை விற்கவில்லை. தந்தையின் வலி தணிக்கும் மருத்துவத்துக்கும் உடனிருப்பதற்கும் தம் பொருளையும் பொழுதையும் செலவிட்டார்.

இவ்விடத்தில் நம்மவர் பலர் கேட்கும் வினா ஒன்று உண்டு. அணுக்களைக் கொண்டு அணுக்களைக் கொல்லும் இம்மருத்துவம் அகிம்சைக்கு ஏற்றதா? ஆய்வுக்கூடத்தில் எலிகளும் மடிகின்றனவே? நம் நூல்கள் இல்லறத்தார்க்குரிய அணுவிரதத்தில் இம்சையை நான்காகப் பிரிக்கின்றன. கொல்ல வேண்டும் என்று கருதியே செய்யும் சங்கல்ப இம்சையை முற்றிலும் விலக்குகின்றன. இல்வாழ்க்கை, தொழில், தற்காப்பு ஆகியவற்றில் தவிர்க்க இயலாதனவற்றைக் குறைத்துக்கொள்ளச் சொல்கின்றன. நோயிலிருந்து உயிரைக் காப்பது இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது என்பது என் கருத்து. ஆய்வில் மடியும் உயிர்களைப் பற்றிய வருத்தம் நமக்கு இருக்கவே வேண்டும். அவற்றுக்கு மாற்று தேடும் ஆய்வுகளை நாம் ஆதரிக்கவும் வேண்டும். இதில் முனிவர் பெருமக்களின் விளக்கத்தையும் கேட்டுத் தெளிக.

புதிய மருத்துவம் பற்றிய செய்தி வந்தால் நான்கு வினாக்களைக் கேளுங்கள். ஒன்று: எங்கள் வீட்டு நோயாளிக்கு உள்ள அதே புற்றுக்கு இம்மருந்து நம் நாட்டில் ஒப்புதல் பெற்றுள்ளதா? இரண்டு: இல்லையெனில் இஃது ஆய்வு, அவ்வாய்வு இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா, அதன் எண் என்ன? 2009ஆம் ஆண்டு முதல் இப்பதிவு கட்டாயம். மூன்று: பணம் யார் தருகிறார்கள்? பதிவு பெற்ற ஆய்வில், ஆய்வுக்குரிய மருந்தை நோயாளிக்கு விலைக்கு விற்பது முறையன்று. ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இழப்பீடும் உண்டு. ஆய்வு என்றும் சொல்லி, இலட்சக்கணக்கில் முன்பணமும் கேட்டால் ஐயுற வேண்டும். நான்கு: இதே நோய்க்கு இதுவரை எத்தனை பேர் இதனைப் பெற்றார்கள், எத்தனை மாதம் நலமாக இருந்தார்கள்? நேர்மையான மருத்துவர் எவரும் இவ்வினாக்களுக்குச் சினம் கொள்ளமாட்டார். விடை எழுத்தில் கிடைத்த பிறகு, அதனைக் காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவு அரசினர் புற்றுநோய் மருத்துவமனையிலோ, அடையாறு புற்றுநோய் நிலையத்திலோ, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலோ காட்டி மற்றொரு கருத்தும் பெறலாம். இந்த ஊரிலிருந்து மூன்றும் எட்டாத் தொலைவில் இல்லை.

பெரியோர்களே! கட்டி மதில் எழுப்பிக்கொண்ட பின் அதனைத் தகர்ப்பது எத்துணைக் கடினம் என்று கண்டோம். மதில் எழும் முன்பே கண்டுபிடித்தால் நான் சொன்ன நான்கு தடைகளுக்கும் வேலையில்லை. அறுவையும் கதிரும் வழக்கமான மருந்துமே பெரும்பாலும் போதும். வாயில் ஆறாத புண்ணையும் வெள்ளைத் திட்டையும் கண்ணாலேயே காணலாம். தறிமேடையில் நெடுநேரம் நிற்போரிடம் வெற்றிலையோடு புகையிலை சேர்க்கும் பழக்கம் இன்றும் இருப்பதை நான் காண்கின்றேன். கருப்பைவாய்ப் புற்றை எளிய சோதனையால் முன்னரே அறியலாம். சிறுமியர்க்குத் தடுப்பூசியும் உண்டு. மார்பிலே தோன்றும் கட்டியை வெளியே சொல்லக் கூசி மாதக்கணக்கில் மறைத்த தாய்மார்களை நம் குடும்பங்களிலேயே அறிவோம். மகளிரே, இதில் கூச்சம் வேண்டா.

எனவே நம் அறக்கட்டளையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். ஆண்டுதோறும் இவ்விழாவையொட்டி வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றுக்கும் ஒரு சோதனை முகாம், சமய வேறுபாடின்றி இவ்வூர் நெசவாளர் குடும்பங்களுக்கும் சேர்த்து நடத்துக. ஔஷத தானமாக வரும் தொகையில் ஒரு பகுதியை, மருத்துவத்துக்காகச் சென்னைக்கும் வேலூருக்கும் போய்வரும் ஏழைக் குடும்பங்களின் வழிச்செலவுக்கும் தங்குமிடத்துக்கும் ஒதுக்குக. முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. ஆனால் பேருந்துக் கட்டணத்தையும் இழந்த நாட்கூலியையும் அது ஏற்பதில்லை. மூன்றாவதாக, நம் பிள்ளைகளுள் மருத்துவமும் உயிரியலும் பயில்வோர் இருவர் மூவர் சேர்ந்து, புதிய மருந்துச் செய்திகளை ஆராய்ந்து குடும்பங்களுக்குத் தமிழில் விளக்கும் பணியை ஏற்றுக்கொள்க. அது சாத்திர தானமும் ஔஷத தானமும் ஒருங்கே ஆகும்.

திடக்கட்டிக்கும் கார்-டி மருத்துவம் ஒருநாள் நம் நாட்டில் ஒப்புதல் பெறக்கூடும். அந்நாள் வரும்போது அதனை வரவேற்கும் அறிவும், வரும்வரை ஏமாறாதிருக்கும் அறிவும் நம் இல்லங்களில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கின்றேன்.